மேஜிக் ரகசியத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆனால் உங்கள் காட்சிக்கு உண்டு

கேள்வி இது: "இரண்டு வருடம் உழைத்து ஒரு மேஜிக் உருவாக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய கடிதத்தைப் படிப்பேன். படிக்கப் படிக்க எழுத்துகள் தாளை விட்டு வழிந்து கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மையாகக் கலக்கும், கடைசியில் கையில் வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வீடியோ போட்ட மூன்றாவது வாரம் இன்னொருவர் அதையே செய்து, செய்முறையையும் விற்க ஆரம்பித்துவிட்டார். இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா, அவரைத் தடுக்க முடியுமா?"

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையால் பல பேர் தப்பான அலுவலக வாசலில் போய் நிற்கிறார்கள். காப்பிரைட் என்று சொல்லும்போது காதுக்குக் காப்புரிமை மாதிரியே கேட்கிறது, ஆனால் காப்புரிமை என்பது பேட்டன்ட், அதாவது ஒரு கண்டுபிடிப்புக்கான உரிமை. நீங்கள் கேட்க வேண்டியது பதிப்புரிமை. இரண்டும் வேறு சட்டம், வேறு காலவரையறை. உங்கள் விஷயத்தில் ஒன்று உதவும், இன்னொன்று கெடுத்துவிடும். எது எது என்று கீழே சொல்கிறேன்.

நேரடியான பதில்: எழுத்து எப்படி வழிகிறது என்ற ரகசியத்துக்குப் பதிப்புரிமை கிடைக்காது. "கடிதத்திலிருந்து எழுத்து வழிந்து ஓடுகிறது" என்ற யோசனைக்கும் கிடைக்காது. அந்த யோசனையை வைத்து நீங்கள் மேடையில் கட்டிய காட்சிக்கு, அதாவது யார் அந்த மனிதர், கடிதம் யாருடையது, எந்த வரியில் முதல் எழுத்து விழுகிறது, அவர் முகம் எப்போது மாறுகிறது, கடைசியில் கிண்ணத்தை என்ன செய்கிறார் என்று நீங்கள் கோத்து வைத்திருக்கும் அந்த முழுக் காட்சிக்குக் கிடைக்கும். பதிப்புரிமை எண்ணத்துக்கு இல்லை, அதன் வெளிப்பாட்டுக்குத்தான் என்பது கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒரே விதி. உலக வர்த்தக அமைப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் ட்ரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவே எண்ணங்கள், செயல்முறைகள், இயக்க முறைகள் இவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று சொல்கிறது. வித்தையின் உள்வேலை என்பது ஒரு செயல்முறை. அங்கேயே அது வெளியே போய்விடுகிறது.

இது அநியாயம் என்று தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. இரண்டு வருட உழைப்பு முழுக்க அந்த உள்வேலையில்தானே போயிருக்கும், பார்வையாளர் காண்பது ஆறு நிமிடம். ஆனால் வித்தைக்காரர்கள் மேலே நிற்கும் ஏணியே இந்த விதியால்தான் இருக்கிறது. நாணயத்தை உள்ளங்கையில் மறைப்பதற்கு யாரோ ஒருவர் உரிமை வாங்கி வைத்திருந்தால், அவர் வாழ்நாளும் அதற்கு மேல் குறைந்தது இன்னொரு ஐம்பது வருடமும் நாம் யாருமே நாணயத்தைத் தொட்டிருக்க முடியாது.

சரி, காட்சிக்குக் கிடைக்கும் என்று இவ்வளவு தைரியமாகச் சொல்லக் காரணம், நம் தொழிலில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு வழக்கு. பென் அண்ட் டெல்லர் என்ற அமெரிக்க மேஜிக் ஜோடியில் மேடையில் பேசவே பேசாத டெல்லர், நிழல்கள் என்று பொருள்படும் 'ஷாடோஸ்' என்ற காட்சியைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார். ஒரு பூச்சாடியில் ஒற்றை ரோஜா. விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் பின்னாலிருக்கும் வெள்ளைத் திரையில் விழுகிறது. டெல்லர் கத்தியோடு திரைக்குப் போய் நிழலின் இலையை வெட்டுகிறார், சாடியில் இருக்கும் நிஜ ரோஜாவின் இலை விழுகிறது. நிழலின் இதழைச் சீவுகிறார், நிஜ இதழ் உதிர்கிறது. பூவை அவர் தொடவே இல்லை. 2012இல் ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு கலைஞர் கிட்டத்தட்ட அதே காட்சியை யூடியூபில் போட்டு, செய்முறையும் கருவியும் 3,050 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். டெல்லர் வழக்குப் போட்டார். 2014 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம், பதிப்புரிமை மீறல் நடந்தது என்று டெல்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதில் நீங்கள் உட்கார்ந்து கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பது. மேஜிக் ட்ரிக்குக்குப் பதிப்புரிமை இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியதை நீதிபதி மறுக்கவில்லை, அது சரிதான் என்றார். ஆனால் நாடகத்துக்கும் மௌன நாடகத்துக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, ஒரு மௌன நாடகத்துக்குள் மேஜிக் இருக்கிறது என்பதற்காக அது நாடகம் இல்லாமல் போய்விடாது என்றார். எதிர்த்தரப்பு இன்னொன்றும் சொன்னது: என் செய்முறை வேறு, அவர் செய்முறை வேறு. அதற்கு நீதிமன்றம், பார்வையாளர் கண்ணுக்கே தெரியாத செய்முறை எப்படி இருந்தால் என்ன, கண்ணுக்குத் தெரிவது ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று சொல்லிவிட்டது. வித்தைக்காரர் மறைத்து வைத்திருப்பது சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை, காட்டியது மட்டும்தான் வருகிறது.

டெல்லர் ஜெயித்ததற்கு ஒரு சின்ன முன்யோசனையும் காரணம். 1983லேயே அந்தக் காட்சியை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். பதிவுத்தாளில் ட்ரிக் எப்படி என்று இல்லை. எங்கே விளக்கு, எங்கே திரை, நடிகர் எந்த இடத்தில் என்ன செய்கிறார், அப்போது என்ன நடக்கிறது என்று மேடைக் குறிப்புகளாக வரிசையாக எழுதியிருந்தது. 29 வருடம் கழித்து அந்தத் தாள்தான் பேசியது.

இதற்கு நேர் எதிரான வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் கோடு எங்கே என்று புரியும். 1943இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஹாஃப்மன் என்ற வித்தைக்காரர், பார்வையாளர் எந்தப் பானம் கேட்டாலும் குவளையிலிருந்து ஊற்றித் தருவார், பெயர் வாங்கிய ஐட்டம் அது. இன்னொருவர் அதைக் காப்பியடித்தார். ஹாஃப்மன் தோற்றார். கைச்சாமர்த்தியமும் கூடவே கொஞ்சம் பேச்சும்தான் இருக்கிறது, இது நாடகப் படைப்பு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் 1892இல், துணியை அலையலையாகச் சுழற்றி ஆடும் நடனத்தால் புகழ்பெற்ற லோயி ஃபுல்லர் இதே மாதிரி தோற்றார். அந்த நடனத்தில் கதை இல்லை, பாத்திரம் இல்லை என்பது காரணம். இன்று நடனத்துக்கும் மௌன நாடகத்துக்கும் அமெரிக்கச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையிலும் இருக்கிறது, அதனால் ஃபுல்லர் நிலைமை இப்போது வராது. ஆனால் ஹாஃப்மன் நிலைமை இன்றும் வரலாம். ஒரு வித்தை, அப்புறம் ஒரு வித்தை, நடுவில் இரண்டு ஜோக் என்று கோத்த நிகழ்ச்சியைத் தூக்கிக்கொண்டு போனால் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

தப்பிக்கும் வித்தைகளால் புகழ்பெற்ற ஹூடினிக்கு இது நூறு வருடத்துக்கு முன்பே புரிந்திருந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் பூட்டப்பட்டுத் தப்பி வரும் காட்சியை அவர் பொதுமக்கள் முன்னால் முதலில் செய்தது 1912இல் பெர்லினில். ஆனால் 1911லேயே இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் அதை ஓரங்க நாடகமாக, ஒரே ஒரு பார்வையாளர் முன்னால் நடத்திக் காட்டிவிட்டார். ட்ரிக்குக்கு உரிமை கிடைக்காது, நாடகத்துக்குக் கிடைக்கும் என்று தெரிந்து செய்த வேலை அது.

இப்போது காப்புரிமைக்கு, அதாவது பேட்டன்டுக்கு வருவோம். கருவி புதிது, யாருக்கும் எளிதில் தோன்றாதது என்றால் பேட்டன்ட் கிடைக்கலாம். பெப்பரின் பேய் என்று இன்றும் சொல்லப்படும் அந்தக் கண்ணாடிப் பிரதிபலிப்பு வித்தைக்கு 1863லேயே வாங்கியிருக்கிறார்கள். ஆனால் பேட்டன்ட் ஒரு பண்டமாற்று. ரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடுத்தால்தான் அரசு உங்களுக்குக் கொஞ்ச காலம், இப்போதைய கணக்கில் விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 வருடம், தனி உரிமை தரும். வித்தைக்காரருக்கு இது கையை வெட்டிக் கொடுத்து மோதிரம் வாங்குவது போல. ஹொரேஸ் கோல்டின் என்ற வித்தைக்காரர் இதில்தான் மாட்டினார். பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையின் தன் வடிவத்துக்கு 1923இல் பேட்டன்ட் வாங்கினார். பத்து வருடம் கழித்து ஒரு பெரிய சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த ரகசியத்தைப் படம் போட்டு விளக்கியது. வழக்குப் போட்டார், 1938இல் தோற்றார். பேட்டன்ட் மூலம் நீங்களே ஊருக்குச் சொன்ன ரகசியத்தை இன்னொருவர் சொன்னார் என்று எப்படிக் குறை சொல்வது என்பதுதான் தீர்ப்பின் சாரம். உங்கள் கடித வித்தைக்குப் பேட்டன்ட் பக்கமே போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். மேடைக்கு மேலே ஆளைப் பறக்கவிடும் பெரிய இயந்திரம் என்றால் கதை வேறு.

ரகசியத்தை வணிக ரகசியமாகக் காக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். காக்கலாம், ஆனால் அது உங்கள் வாய்க்கும் உங்களோடு வேலை செய்பவர்கள் வாய்க்கும் போடுகிற பூட்டு மட்டுமே. கருவி செய்து தரும் தச்சர், உதவியாளர், விளக்கு போடுபவர், இவர்களிடம் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கினால் அதை மீறுபவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் சம்பந்தமே இல்லாத ஒருவர் உங்கள் வீடியோவைப் பத்து தடவை பார்த்துத் தானே கண்டுபிடித்தால் அது குற்றமில்லை. அப்புறம், கருவியின் படம், மேடை வடிவமைப்பு, இசை எல்லாம் வேறு ஆள் செய்து கொடுத்திருந்தால், பணம் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே உரிமை உங்களுடையது ஆகிவிடாது, பல நாடுகளில் எழுத்தில் இருந்தால்தான் மாறும். பின்னணியில் யாருடைய பாட்டையாவது அனுமதி இல்லாமல் போட்டிருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள். புகார் கொடுக்கப் போகிறவர் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொரு உரிமையும் இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. நடித்துக் காட்டுபவருக்கான உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவர் யார் என்று சொல்லும்போது நடிகர், பாடகரோடு சேர்த்துக் கழைக்கூத்தாடி, செப்படிவித்தைக்காரர், பாம்பாட்டி வரைக்கும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்திலும் சர்க்கஸ், பொம்மலாட்டக் கலைஞர்களுக்கு இடம் உண்டு. இதனால் என்ன பயன் என்றால், உங்கள் நிகழ்ச்சியை உங்கள் அனுமதி இல்லாமல் படம் பிடித்து வெளியிடுவதைத் தடுக்கலாம். வேறொருவர் அதே வித்தையைத் தானே மேடையேறிச் செய்வதை இதை வைத்துத் தடுக்க முடியாது.

நான் இதையெல்லாம் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கயிறு வைத்து ஒரு காட்சி செய்து, ஒத்திகையில் சக கலைஞர் ஒருவருக்குக் காட்டினேன். நடுவில் தும்மல் வருவது போலத் திரும்பி, கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல் கயிற்று நுனியையே மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்துவேன், அந்த ஒரு நொடிக்காக மூன்று மாதம் யோசித்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் மேடையில் அதே தும்மல், அதே கைக்குட்டை, அதே நிறுத்தம். கயிற்று முடிச்சை எடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது, அது நூறு பேர் போடும் முடிச்சு. அந்தத் தும்மல் என்னுடையது. ஆனால் என்னிடம் ஒரு தாள் இல்லை, ஒரு வீடியோ இல்லை, தேதி போட்ட ஒரு வரிகூட இல்லை. பேசாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து எதையும் யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

எப்படி எழுதுவது என்றால், உங்கள் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். "எழுத்துகள் மறைந்து கிண்ணத்தில் மை சேர்கிறது" என்று எழுதினால் அது யோசனை, யாருக்கும் சொந்தமில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மேடையில் இரண்டு நாற்காலிகள், ஒன்று காலி. அவர் காலி நாற்காலியைப் பார்த்தபடி கடிதத்தைப் பிரிக்கிறார். இரண்டாவது வரியில் குரல் நிற்கிறது. அந்த வரியின் கடைசிச் சொல் தாளின் ஓரத்துக்கு நகர்ந்து, சொட்டாகத் திரண்டு, விழுகிறது. அவர் தாளைச் சாய்த்துப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார், சாய்த்த பக்கமாக இன்னும் வேகமாக வழிகிறது." இது நாடகம். இதில் எங்கேயும் ரகசியம் இல்லை, ஆனால் உங்களுடையது எல்லாம் இருக்கிறது. ஒளி, இசை நுழையும் இடம், பேசும் வசனம், கிண்ணத்தின் உருவம் எல்லாவற்றையும் இதே மாதிரி எழுதி, முழுக் காட்சியையும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வையுங்கள்.

பதிப்புரிமை உருவாக்கிய நிமிடமே தானாக வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை, பெர்ன் உடன்படிக்கை நாடுகள் எல்லாவற்றிலும் இதுதான். ஆனால் பல நாடுகளில் படைப்பு ஏதாவது ஒரு வடிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும், மனதிலும் உடம்பிலும் மட்டும் இருந்தால் போதாது. அரசு அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டால் வழக்கில் அது பெரிய பலம், அமெரிக்காவில் மீறலுக்கு முன்பே, அல்லது வெளியிட்ட மூன்று மாதத்துக்குள், பதிவு செய்திருந்தால்தான் சட்டம் குறித்த நஷ்டஈட்டையும் வக்கீல் செலவையும் கேட்க முடியும். ஒரே ஒரு எச்சரிக்கை: பதிவுக்குக் கொடுக்கும் பிரதியை மற்றவர்கள் பார்க்க வழி இருக்கும், அதனால் அதில் ரகசியத்தை எழுதிவிடாதீர்கள். நமக்கு நாமே தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை.

செய்முறை விற்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதும் கையேடு, எடுக்கும் பயிற்சி வீடியோ, அதில் உள்ள படங்கள் எல்லாவற்றுக்கும் முழுப் பதிப்புரிமை உண்டு, அதை அப்படியே நகல் எடுத்து விற்பவரைத் தாராளமாகத் தடுக்கலாம். ஆனால் அதைப் படித்துக் கற்றுக்கொண்டவர் தன் சொந்த வார்த்தையில் விளக்கினால் தடுக்க முடியாது. கணக்குப் புத்தகம் எழுதும் முறை ஒன்றைப் பற்றி 1879இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் அப்படியே நிற்கிறது: புத்தகம் ஆசிரியருடையது, அதில் உள்ள முறை எல்லோருக்கும் பொது.

சட்டம் தராததை வித்தைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மரியாதையால் நிரப்பியிருக்கிறார்கள். 1902இல் தொடங்கிய அமெரிக்க வித்தைக்காரர் சங்கம், 1905இல் லண்டனில் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் மாதிரியான அமைப்புகளில் ரகசியத்தை வெளியிடுபவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கவும் செய்வார்கள். ஒருவர் செய்து காட்டியும் விற்பனைக்கு விடாத வித்தையை, கண்டுபிடித்துவிட்டாலும் கேட்காமல் செய்யக்கூடாது என்பது எழுதாத விதி. திருடியவன் என்று பெயர் வாங்கினால் கருவி விற்பவரும் கொடுக்க மாட்டார், மேடையும் கிடைக்காது. இது நீதிமன்றத்தைவிட வேகமாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நீங்களும் யார் கருவை வைத்து ஆரம்பித்தீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் காப்பிக்காரர். கோபத்தில் உடனே யூடியூபில் புகார் கொடுக்காதீர்கள். பொய் என்று தெரிந்தே கொடுத்த புகாருக்கு அமெரிக்கச் சட்டத்தில் நீங்களே பொறுப்பாக நேரிடும், எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பிவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குப் போடவில்லை என்றால் வீடியோ திரும்ப வந்துவிடும். இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எது எது ஒன்றாக இருக்கிறது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். காலி நாற்காலி இருக்கிறதா, குரல் நிற்கும் இடம் அதேதானா, தாளைச் சாய்த்துப் பிடிப்பது இருக்கிறதா, முடிவு அதே முடிவா. அவர் உங்களுடையதைப் பார்க்காமலேயே இதே யோசனைக்கு வந்திருந்தால் அது மீறல் ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள், உங்கள் வீடியோவுக்குக் கீழே அவர் கருத்துப் போட்டிருந்தாலோ உங்களைப் பின்தொடர்ந்திருந்தாலோ அதைப் படம் எடுத்து வையுங்கள். இப்படி ஐந்தாறு இடம் தேறினால் அறிவுசார் சொத்துரிமை பார்க்கும் வக்கீலிடம் அந்தக் குறிப்போடு போங்கள். வழிகிற எழுத்து ஒன்று மட்டும்தான் தேறுகிறது என்றால் வக்கீல் கட்டணத்தை மிச்சப்படுத்தி, அவருக்கே நேரடியாக எழுதுங்கள்: முதலில் செய்தது நான், தேதி இது, என் பெயரைக் குறிப்பிடுங்கள், விற்பனையை நிறுத்துங்கள். பாதிப் பேர் இதற்கே இறங்கி வந்துவிடுவார்கள்.